கல்லூரியில் முதல் ஆய்வுக் கட்டுரை: கேள்வியில் தொடங்கித் தலைப்பில் முடிப்பது எப்படி?

பள்ளியில் நாம் எழுதிப் பழகிய கட்டுரைக்கு ஒரு நிலையான உருவம் உண்டு. முன்னுரை, நான்கைந்து உட்தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் ஆறேழு வரிகள், நடுவே ஒரு திருக்குறள், கடைசியில் முடிவுரை. தேர்வில் அந்த உருவம் நமக்கு மதிப்பெண் பெற்றுத் தந்தது. அதையே கல்லூரிக்கும் எடுத்துவருகிறவர்கள், பிழையில்லாமல் எழுதியும் பக்கக் கணக்கை நிறைவுசெய்தும் பாதி மதிப்பெண்ணே கிடைத்ததைக் கண்டு முதல் பருவத்திலேயே திகைத்துப்போகிறார்கள். ஒரு பொருளைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொல்வது பள்ளிக் கட்டுரை. ஒரு கேள்விக்கு விடை சொல்லி, அந்த விடையை மற்றவர் ஏன் ஏற்க வேண்டும் என்பதற்குச் சான்று காட்டுவது ஆய்வுக் கட்டுரை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே வரும் படிகள் எல்லாம் அதிலிருந்தே கிளைப்பவை என்பது விளங்கும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் எதுவும் கைக்கு அகப்படாது. ஆகவே வரலாற்று வகுப்பில் அடிக்கடி அசைன்மென்ட்டாகத் தரப்படும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அலைக்கழித்த, நம் ஊர்களில் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் பெரும் பஞ்சம். அளவு சுமார் 2000 சொற்கள் என்றும், மூன்று வாரம் கெடு என்றும் வைத்துக்கொள்வோம்.

பொருளைக் கேள்வியாக்குதல்

“தாது வருடப் பஞ்சம்” என்பது பொருள்தானே தவிரக் கேள்வி அன்று. இதை மட்டும் வைத்துக்கொண்டு எழுத உட்காருபவர் மழை பொய்த்தது, விலை ஏறியது, மக்கள் இடம்பெயர்ந்தனர், இலட்சக்கணக்கானோர் மாண்டனர், அரசு பஞ்ச விதிகளை வகுத்தது என்று வரிசையாகச் சொல்லி முடிப்பார். சொன்னதில் பிழை இராது; ஆனால் அவர் எதையும் நிறுவியிருக்கவும் மாட்டார். அந்த வரிசையைப் பாடநூலிலேயே படித்துக்கொள்ளலாம் அல்லவா?

கேள்வியைத் தேட ஓர் எளிய வழி உண்டு. அந்தப் பொருளில் எங்கே இருவர் முரண்பட்டார்கள் என்று பாருங்கள். இந்தப் பஞ்சத்தில் அப்படிப்பட்ட ஓர் இடம் தெளிவாகவே இருக்கிறது. 1877 தொடக்கத்தில் வைசிராய் லிட்டன், செலவைக் கட்டுக்குள் கொண்டுவருவதற்காக ரிச்சர்டு டெம்பிள் என்பவரைப் பஞ்சப் பகுதிகளுக்கு அனுப்பினார். நிவாரணப் பணிகளில் மண் சுமந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது சுமார் 450 கிராமும், அதன்மேல் கொஞ்சம் காசும் போதும் என்று டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்ற மருத்துவர் அதை எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதனுடன் பருப்பு, காய்கறி முதலியனவும் வேண்டும் என்பது அவர் வாதம். பின்னர், அதே ஆண்டில், சென்னை அரசு இரண்டுக்கும் நடுவே ஓர் அளவுக்குக் கூலியை உயர்த்தியது.

இதிலிருந்து நல்ல கேள்விகள் பல பிறக்கும். “டெம்பிள் எந்த அடிப்படையில் கூலியைக் குறைத்தார்?” என்பது ஒன்று. “கார்னிஷின் எதிர்ப்பு ஓரளவேனும் பலித்தது ஏன்?” என்பது இன்னொன்று. இரண்டாவதை நான் விரும்புவேன். “ஏன்”, “எவ்வாறு”, “எந்த அளவுக்கு” என்ற சொற்களுள் ஒன்றைத் தாங்கிய கேள்வி வாதத்தைக் கேட்கும். “என்ன”, “எப்போது” என்று தொடங்கும் கேள்வி பெரும்பாலும் தகவலோடு நின்றுவிடும். கேள்வி 2000 சொற்களுக்குள் அடங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். “பிரித்தானிய ஆட்சியில் பஞ்சங்கள் ஏன் ஏற்பட்டன?” என்பது ஆயுள் முழுவதும் எழுத வேண்டிய நூலுக்குரிய கேள்வி, மூன்று வாரத்தில் எழுதும் கட்டுரை அதைத் தாங்காது.

படித்தலும் குறிப்பெடுத்தலும்

கேள்வி கையில் இருக்கும்போது படிப்பது எளிதாகிவிடும், ஏனெனில் எதைத் தள்ளலாம் என்பது தெரிந்துவிடும். முதலில் அண்மையில் எழுதப்பட்ட ஒரு பொதுநூலோ கட்டுரையோ படித்துச் சூழலை அறிந்துகொண்டு, அதன்பின் அக்காலத்து மூலச் சான்றுகளுக்குச் செல்வது நல்லது. இந்தப் பொருளுக்கு வில்லியம் டிக்பி 1878-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பஞ்ச வரலாறு இன்றியமையாதது. டெம்பிள், கார்னிஷ் இருவரின் வாதங்களையும் அதில் விரிவாகக் காணலாம். பதிப்புரிமைக் காலம் கடந்த நூலாதலால் இணையத்தில் மின்படியாகவும் படிக்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் எட்டும் தொலைவில் உள்ளன.

சான்றைப் படிக்கும்போது அதை எழுதியவர் யார் என்று கேட்பதும் படிப்பின் ஒரு பகுதியே. டிக்பி சென்னையில் ஓர் ஆங்கில நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். பஞ்ச நிவாரண நிதி திரட்டியதில் முன்னின்றவர். அரசின் கஞ்சத்தனத்தைக் கண்டித்தவர். ஆகவே அவர் நூலை நடுநிலைச் சாட்சியாகக் கொள்ள முடியாது. அதற்காகத் தூக்கி எறியவும் வேண்டியதில்லை. அவர் எடுத்துத் தரும் ஆவணத்தை ஆவணமாகவும், அவர் கருத்தை அவர் கருத்தாகவும் பிரித்துப் பயன்படுத்தினால் போதும்.

குறிப்பெடுப்பதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மாணவனாக எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரைக்கு நாற்பது பக்கக் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தபோது, அவற்றுள் எவை நூலாசிரியரின் சொற்கள், எவை என் சொற்கள் என்று எனக்கே தெரியவில்லை. பக்க எண்களும் இல்லை. ஒரே ஒரு மேற்கோளின் பக்கத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் நூலகத்தில் கழிந்தது. அன்று முதல் ஒரு குறிப்புக்கு ஒரு சிறு அட்டை என்ற வழக்கத்தை வைத்துக்கொண்டேன். மேல் மூலையில் நூலின் சுருக்கப் பெயரும் பக்க எண்ணும், அப்படியே எடுத்த சொற்களானால் மேற்கோள் குறிக்குள், சுருக்கி எழுதியதானால் குறியின்றி, கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே “இது என் கேள்விக்கு எதைச் சொல்கிறது?” என்பதற்கு ஒரு வரி விடை. கணினியில் செய்பவர்கள் இதே மூன்று பகுதிகளை ஓர் அட்டவணையில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி வரியை எழுத முடியாத குறிப்பு எவ்வளவு சுவையாக இருந்தாலும் கட்டுரைக்கு உதவாது.

துணிபு

ஐந்தாறு நாள் படித்தபின், கேள்விக்கு நீங்கள் தரப்போகும் விடையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். இதைத்தான் ஆங்கிலவழி வகுப்புகளில் தீசிஸ் என்கிறார்கள். தமிழில் துணிபு என்ற பழஞ்சொல்லே இதற்குப் பொருந்தும். ஆசிரியர் கொள்ளத்தக்க நிலைகளாக நன்னூல் எழுவகை மதங்களைச் சொல்கிறது: உடன்படுதல், மறுத்தல், பிறர் கொள்கையை ஏற்றுக்கொண்டு பின் களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிறுத்துதல் என்று செல்லும் அந்த வரிசையில் “இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு” என்பதும் ஒன்று. இருவர் மாறுபட்டு நிற்கும்போது ஒரு பக்கத்தைத் துணிந்து கொள்ளுதல் என்று அதற்குப் பொருள். டெம்பிளுக்கும் கார்னிஷுக்கும் நடுவே நிற்கும் நம் மாணவர் செய்ய வேண்டியதும் அதுதான். எழுத்தைப் பற்றிய அறிவுரை வேண்டுமென்றால் நாம் மேற்கேதான் போக வேண்டும் என்பதில்லை.

நம் கேள்விக்கு ஒரு மாணவர் முதலில் இப்படி எழுதினார் என்று கொள்வோம்: “டெம்பிள் கூலி மக்களைப் பெரிதும் பாதித்தது.” இதை யாரும் மறுக்கப்போவதில்லை. மறுக்க ஆளில்லாத வாக்கியத்தை நிறுவ 2000 சொற்கள் எதற்கு? அவரே மறுமுறை எழுதியது: “டெம்பிள் கூலியைக் கார்னிஷ் மனிதநேயத்தோடு எதிர்த்தார்.” இது சற்று மேல் என்றாலும், “ஏன் பலித்தது” என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை. மூன்றாம் முறை: “கார்னிஷ் இரக்கத்தை முன்வைத்து வாதாடியிருந்தால் செலவுக் கணக்கையே பேசிய அரசு செவிசாய்த்திருக்காது, உடலுழைப்புக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று அளவையும் எடையையும் முன்வைத்து வாதாடியதால்தான் அரசு ஓரளவு இறங்கிவந்தது.” இதை ஒருவர் மறுக்க முடியும், சான்று காட்டிக் காக்கவும் முடியும். அறிவுள்ள ஒருவர் “அப்படியில்லை” என்று சொல்லக்கூடிய வாக்கியமா என்பதே துணிபுக்கு உரைகல்.

எழுதிச் செல்லும்போது துணிபு மாறலாம். பாதி வழியில் சான்று வேறு திசையைக் காட்டினால் திருத்த வேண்டியது துணிபையே. துணிபைக் காப்பாற்றச் சான்றை வளைப்பது பெருங்குற்றம்.

சட்டகம்

துணிபு அமைந்தவுடன் அதைத் தாங்கும் படிகளை வரிசைப்படுத்த வேண்டும். உட்தலைப்புகளாக அன்றி முழு வாக்கியங்களாக எழுதிப் பார்ப்பதே நல்லது. “கார்னிஷின் பின்னணி” என்று குறித்து வைத்தால் அதன் கீழ் எதையும் கொட்டலாம். “கார்னிஷ் மருத்துவர் என்பதால் அவருடைய வாதம் அலுவலக வழக்கிலிருந்து வேறுபட்டது” என்று குறித்தால் அந்தப் பத்திக்கு ஒரு வேலை கிடைத்துவிடும். நம் கட்டுரைக்கு ஐந்தாறு வாக்கியங்கள் போதும். 1873-74 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி தருவித்துச் சாவைப் பெரிதும் தடுத்த டெம்பிள், வீண்செலவு செய்தார் என்று கடுமையாகக் குறைகூறப்பட்டார். ஆகவே 1877-இல் சிக்கனத்தை மெய்ப்பித்துக் காட்ட வேண்டிய நிலையில் இருந்தார். அவர் கூலியை நியாயப்படுத்தியது சிக்கனத்தின் மொழியில். கார்னிஷ் மறுத்தது உடலியல் மொழியில். அரசு உயர்த்திய அளவு இருவர் கேட்டவற்றுக்கும் இடைப்பட்டது. அந்த இடைப்பட்ட அளவே, தகராறு எடையைப் பற்றியதாக மாறிவிட்டதற்கு அடையாளம்.

இந்த வாக்கியங்களை மட்டும் தொடர்ந்து படித்தால் வாதம் புலப்பட வேண்டும். இரண்டு வாக்கியங்களை இடம் மாற்றி வைத்தாலும் ஒன்றும் கெடவில்லை என்றால், அங்கே வாதம் இல்லை, பட்டியல்தான் இருக்கிறது என்று கொள்க.

பத்தி

கட்டுரையின் உயிர் பத்தியில் இருக்கிறது. நான் திருத்திய ஒப்படைப்புக் கட்டுரைகளில் பெரும்பாலானவை விழுந்ததும் இங்கேதான். ஒரு பத்தி ஒன்றைச் சொல்கிறது, அதற்குச் சான்று தருகிறது, அந்தச் சான்று எதைக் காட்டுகிறது என்று விளக்குகிறது, பிறகு துணிபோடு இணைக்கிறது. இந்நான்கில் மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது மூன்றாவதை. மேற்கோளையோ எண்ணையோ வைத்துவிட்டு, அது தானே பேசிவிடும் என்று அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள்.

இதோ ஒரு பத்தி, மாணவர் நடையில்:

“தாது வருடப் பஞ்சத்தில் ஏராளமான மக்கள் மடிந்தனர். சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை 1871-இல் சுமார் 3 கோடியே 12 இலட்சமாக இருந்தது. 1881-இல் சுமார் 3 கோடியே 8 இலட்சமாகக் குறைந்தது. மேலும், மக்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்றனர். மேலும், அரசு சரியான நடவடிக்கை எடுக்கவில்லை என்று கூறப்படுகிறது.”

தகவல்கள் சரியானவை. ஆனால் இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள 4 இலட்சம் எதைக் குறிக்கிறது? அதை மாண்டவர் எண்ணிக்கை என்று படிப்பவர் எடுத்துக்கொண்டால் பெரும் பிழையாகிவிடும். பத்து ஆண்டுகளில் இயல்பாகப் பிறந்து பெருகியிருக்க வேண்டியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு அதைவிடப் பன்மடங்கு. அதே வேளையில் அந்த இழப்பு முழுவதும் சாவு அன்று, இடம்பெயர்ந்தவர்களும் பிறவாமற்போன குழந்தைகளும் அதில் அடக்கம். “கூறப்படுகிறது” என்றால் கூறியவர் யார்? இரண்டு “மேலும்”களும் முன்னதற்கும் பின்னதற்கும் என்ன உறவு என்பதைச் சொல்லாமல் வெறுமனே ஒட்டவைக்கின்றன. அதே செய்தியைப் பத்தியாக்கினால் இப்படி அமையலாம்:

“பஞ்சத்தின் அளவை 1871, 1881 ஆம் ஆண்டுகளின் குடிமதிப்புக் கணக்குகள் குறைத்தே காட்டுகின்றன. முதல் கணக்கில் சுமார் 3 கோடியே 12 இலட்சமாக இருந்த சென்னை மாகாண மக்கள்தொகை, இரண்டாவதில் சுமார் 3 கோடியே 8 இலட்சமாக இருந்தது. வேறுபாடு 4 இலட்சமே போலத் தோன்றினும், இடைப்பட்ட ஆண்டுகளின் இயல்பான பெருக்கம் முழுவதும் அழிந்துபோனதை அவ்வெண் மறைத்துவிடுகிறது. இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்றவர்களைக் கழித்த பின்னரும் எஞ்சும் இழப்பு பெரிது. ஆகவே ஒரு பவுண்டா ஒன்றரைப் பவுண்டா என்ற தகராறு, வெறும் அலுவலகக் கணக்காக இருந்திருக்க முடியாது.”

இரண்டாவது பத்தியில் புதிய தகவல் ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் வாக்கியம் ஒன்றைச் சொல்கிறது, எண்கள் அதற்காக வருகின்றன, “தோன்றினும்” என்ற சொல் படிப்பவர் செய்யக்கூடிய பிழையை முன்கூட்டியே தடுக்கிறது, கடைசி வாக்கியம் கட்டுரையின் கேள்விக்குத் திரும்புகிறது. “ஏனெனில்”, “ஆயினும்”, “எனவே”, “இதற்கு மாறாக” ஆகிய சொற்கள் உறவைச் சொல்பவை. ஒரு பக்கத்தில் மூன்று “மேலும்” இருந்தால் நான் சிவப்பு மையை எடுத்துவிடுவேன்.

பத்தியின் நீளத்துக்கு விதி கிடையாது. 2000 சொல் கட்டுரையில் ஒரு பத்தி 120 முதல் 200 சொற்கள் வரை இருப்பது இயல்பு. இரண்டு வரிப் பத்தியில் வாதம் நடத்த இடம் இராது.

எதிர்வாதம்

உரையாசிரியர்கள் ஒரு சூத்திரத்துக்கு உரை எழுதும்போது, படிப்பவர் எழுப்பக்கூடிய தடையைத் தாமே எழுப்பி, “அஃது என்னையெனின்” என்று விடை கூறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆய்வுக் கட்டுரையிலும் அதைத்தான் செய்ய வேண்டும். நம் துணிபுக்கு வலுவான தடை ஒன்று உண்டு: அரசு இறங்கிவந்ததற்குக் காரணம் கார்னிஷின் கணக்காக இல்லாமல், சென்னைப் பத்திரிகைகளின் கூச்சலாகவோ முகாம்களில் பெருகிய சாவாகவோ இருக்கலாமே. இதை மறைத்து எழுதினால், திருத்துபவர் அதை ஓரத்தில் எழுதிவிடுவார். நாமே எடுத்துச் சொல்லி, “பத்திரிகைகளின் அழுத்தம் உயர்த்த வேண்டும் என்ற நெருக்கடியைத் தந்திருக்கலாம், ஆயினும் எவ்வளவு உயர்த்துவது என்ற கேள்விக்கு அளவுகோலைத் தந்தது கார்னிஷின் வாதமே” என்று எல்லையை வகுத்துக்கொண்டால் துணிபு சற்றுச் சுருங்கும், சுருங்கினாலும் உறுதிப்படும். தடையின் மிக வலிய வடிவத்தை எடுப்பதே முறை. வைக்கோல் பொம்மையைச் செய்து அடித்து வீழ்த்துவதால் யாரும் ஏமாறுவதில்லை.

மேற்கோளும் அடிக்குறிப்பும்

பிறர் சொல்லை எடுத்தால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும், பிறர் கருத்தைத் தம் சொற்களில் எழுதினால் பக்க எண்ணும் வேண்டும். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சொற்களை மாற்றிவிட்டால் கருத்து தமதாகிவிடும் என்று எண்ணுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளில், 10 விழுக்காடு வரையிலான ஒப்புமை சிறு ஒப்புமையாகக் கருதப்பட்டுத் தண்டனையின்றி விடப்படுகிறது. அதற்கு மேல் போகப் போகத் தண்டனையும் ஏறுகிறது. ஆனால் மென்பொருள் காட்டும் விழுக்காட்டுக்குள் அடங்கிவிட்டோம் என்று நிம்மதி கொள்வது தவறு, ஏனெனில் மொழிபெயர்த்து எடுத்த பத்தியை மென்பொருள் பெரும்பாலும் பிடிப்பதில்லை. துறையில் படித்த ஆசிரியர் பிடித்துவிடுவார்.

தமிழில் எழுதுபவர்களுக்கே உரிய சில சிக்கல்கள் உள்ளன. டிக்பியின் ஆங்கிலத்தை நீங்கள் மொழிபெயர்த்தால், மொழிபெயர்ப்பு உங்களுடையது என்று முதல் அடிக்குறிப்பில் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். பெயர்களை ஒரே வடிவில் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் டெம்பிள், ஐந்தாம் பக்கத்தில் டெம்பில் என்றால் இருவர் என்று தோன்றும். பழைய ஆவணங்களில் வரும் பவுண்டு, அவுன்சு, அணா ஆகியவற்றை முதல் இடத்தில் இன்றைய அளவோடு சேர்த்துத் தருவது படிப்பவருக்கு உதவும். ஆங்கில ஆவணத்தில் மில்லியன் என்றிருப்பதை இலட்சமாக மாற்றும்போது ஒரு சுழியம் தவறிவிட்டால் பத்தியே கவிழ்ந்துவிடும்.

அடிக்குறிப்பு எந்த முறையில் என்பதை உங்கள் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மொழி, இலக்கியத் துறைகளில் எம்.எல்.ஏ. முறையும், கல்வியியல், உளவியல் துறைகளில் ஏ.பி.ஏ. முறையும், வரலாற்றுத் துறையில் சிகாகோ முறையும் பெரும்பாலும் வழங்குகின்றன. எதுவானாலும் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றையே கடைப்பிடிக்க வேண்டும். உரையாடும் செயலிகளிடம் நூற்பட்டியல் கேட்டு வாங்கிக் கீழே ஒட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அச்செயலிகள் இல்லாத நூலையும் இருப்பதுபோலச் சொல்லக்கூடும். கையில் எடுத்துப் பார்க்காத நூலைக் கட்டுரையில் சேர்க்கவே கூடாது.

முன்னுரையும் முடிவுரையும்

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். கட்டுரை எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்த பிறகுதான் வாசலைச் சரியான திசையில் வைக்க முடியும். “மனிதன் தோன்றிய காலந்தொட்டே பஞ்சங்கள் இருந்து வந்துள்ளன” என்று தொடங்கும் முன்னுரையை நான் நூறு தடவையாவது படித்திருப்பேன். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டால் எந்தக் கட்டுரைக்கும் ஒரு குறையும் வருவதில்லை. நேராக இடத்துக்கும் காலத்துக்கும் போய்விடலாம்: 1877-இல் ஒரு பவுண்டு தானியம் என்ற அளவு வகுக்கப்பட்டது, அதை ஒரு மருத்துவர் எதிர்த்தார், எதிர்ப்பு ஓரளவு பலித்தது, ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி, விடை இதுவே. 150 முதல் 200 சொற்களுக்குள் சூழல், கேள்வி, துணிபு மூன்றும் வந்துவிட வேண்டும். விடையை முடிவுரைவரை ஒளித்துவைப்பது துப்பறியும் கதைக்கு அழகு. ஆய்வுக் கட்டுரையில் படிப்பவர் முதல் பக்கத்திலேயே விடையை அறிந்து, அது தாங்குமா என்று சோதித்துக்கொண்டே வர வேண்டும்.

முடிவுரையில் முன்னுரையைச் சொல் மாற்றி எழுதக் கூடாது. இவ்வளவும் நிறுவியபின் எது வேறாகத் தெரிகிறது என்று சொன்னால் போதும். நம் கட்டுரையானால், 1880-இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையமும் அதன் வழிவந்த பஞ்ச விதிகளும் இந்தத் தகராறை எப்படி உள்வாங்கின என்ற அடுத்த கேள்வியைச் சுட்டி நிறுத்தலாம். புதிய சான்றை அங்கே கொண்டுவரக் கூடாது. குறள் ஒன்றும் வேண்டியதில்லை.

திருத்தம்

மூன்று வாரத்தில் கடைசி ஐந்து நாளைத் திருத்தத்துக்கென்று ஒதுக்குங்கள். முதல் நாள் கட்டுரையைத் தொடவே வேண்டாம். அடுத்த நாள் தாளில் அச்செடுத்து, நன்னூலின் பத்துக் குற்றங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. இவற்றை மனப்பாடப் பகுதியாக மட்டும் படித்தவர்கள், சொந்தக் கட்டுரையின்மேல் வைத்துப் பார்க்கும்போது வியப்படைவார்கள்.

புதியவர்களிடம் நான் மிகுதியாகக் காண்பது மற்றொன்று விரித்தல். டெம்பிளின் வாழ்க்கை சுவையானது என்பதால் இரண்டு பக்கம் அதற்கே போய்விடும். 1877 ஜனவரியில் டெல்லியில் நடந்த தர்பாரின் பகட்டும் கண்ணில் பட்டுவிட்டால் இன்னொரு பக்கம் போகும். பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது என்ற செய்தியை விட்டுவிட எனக்கே மனம் வராது. ஆனால் கூலித் தகராறுக்கு அது சான்றாக நிற்காவிட்டால், அடிக்குறிப்பில் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அடுத்தது சென்று தேய்ந்து இறுதல்: முதல் மூன்று பக்கம் செறிவாகப் போய், கெடு நெருங்க நெருங்கப் பத்திகள் மெலிந்து, எதிர்வாதம் நான்கு வரியில் முடிந்துவிடும். அப்படியானால் முன்பகுதியில் வெட்டிப் பின்பகுதிக்கு இடம் தர வேண்டும். மாறுகொளக் கூறலைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் தனித்தாளில் எழுதி வரிசையாகப் படியுங்கள்; பழைய சட்டகத்தோடு ஒப்பிட்டால், எங்கே வழி தவறினோம் என்பது பளிச்சென்று தெரியும்.

பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். “அறிஞர்கள் கருதுகின்றனர்” என்ற இடங்களில் எந்த அறிஞர் என்று எழுதுங்கள்; பெயர் சொல்ல முடியாவிட்டால் வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். சந்திப்பிழை, ஒருமை பன்மை மயக்கம், மேற்கோளுக்கும் அடிக்குறிப்புக்கும் எண் பொருந்துகிறதா என்பதெல்லாம் கடைசி நாள் வேலை. முதல் வரைவிலேயே அவற்றில் மூழ்கினால், பின்னால் வெட்டி எறியப்போகும் பத்திக்கு ஒற்று மிகுமா மிகாதா என்று அரைமணி நேரம் செலவழித்திருப்பீர்கள்.

எல்லாம் முடிந்தபின் மேலே சென்று தலைப்பை மாற்றுங்கள். மூன்று வாரத்துக்கு முன் தாளில் “தாது வருடப் பஞ்சம்: ஓர் ஆய்வு” என்று எழுதியிருப்பீர்கள். “ஓர் ஆய்வு” என்பது எந்தக் கட்டுரைக்கும் ஒட்டும் வால், எதையும் சொல்லாது. இப்போது உங்களிடம் கேள்வி இருக்கிறது, துணிபு இருக்கிறது, அதைத் தாங்கும் எண்களும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டே எழுதுங்கள்: “ஒரு பவுண்டும் ஒன்றரைப் பவுண்டும்: சென்னை மாகாணப் பஞ்சக் கூலித் தகராறில் மருத்துவரின் கணக்கு, 1877”.